உதயின் தட்டு

சால்ட் லேக்கில் ஓர் ஆய்வகம். தட்டில் வளரும் தோல் செல்களுக்குக் குறுகிய மின் துடிப்புகள் கொடுப்பது வசுந்தராவின் வேலை. துடிப்பு பட்ட செல் பச்சையாக மின்னும். அதிலிருந்து பக்கத்துச் செல்லுக்குச் சேதி போகும், அதுவும் மின்னும். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்த தட்டுகளில் பிளீச் ஊற்றிச் செல்களைக் கொன்றுவிடுவாள்.

செல்கள் உதய் கொடுத்தவை. ஆய்வகத்தின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்ப்பவன். அவனது வலது கையிலிருந்து கடுகளவு தோல் எடுத்திருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவன் விடுப்பு. அவன் செல்களில் மிஞ்சியிருந்த ஒரே தட்டுக்கு அவள் ஏழு துடிப்புகள் கொடுத்து முடித்தபோது, நகரின் மறுகோடியில் கரியாஹாட் கடைத்தெருவிலிருந்து போன் செய்தான்.

"அக்கா, இங்க சட்டை பாத்துட்டிருந்தேன். வலது கை மறுபடி வெட்டி வெட்டி இழுக்குது. எண்ணிப் பாத்தேன், ஏழு தடவை."

"வலிக்குதா?"

"இல்லக்கா. போன சனிக்கிழமை மத்தியானம்தான் தீப்பட்ட மாதிரி எரிஞ்சுது. டாக்டர் ஒண்ணுமில்லைன்னுட்டார்."

வசுந்தரா கையிலிருந்த பிளீச் பாட்டிலை மூடி வைத்தாள்.

உதய் இப்போது கோயம்புத்தூரில் வேறு வேலையில் இருக்கிறான். அவனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை தட்டில் ஊட்டத் திரவத்தை மாற்றுகிறாள். பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை.

செல்கள் பெருகிக்கொண்டே இருக்கும். தட்டு நிரம்பினால் அவற்றைப் பாதியாகப் பிரித்து இரண்டு தட்டுகளில் போட வேண்டும். இல்லாவிட்டால் செத்துவிடும்.

இன்று காலை தட்டு நிரம்பியிருந்தது.