நான்காவது ரீல்

குண்டு போடும் விமானம் தீப்பிடித்துக் கடலில் விழுந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதை ஓட்டிய விமானி இப்போது திரையில் சிரித்தபடி வந்து, மேஜைமுன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறான். ஆபரேட்டருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஏழாவது ரீலுக்குப் பதில் நான்காவதை மாட்டித் தொலைத்திருக்கிறார். "யோவ் ஆபரேட்டர், செத்தவன் எப்படிய்யா எந்திரிச்சு வந்தான்?" என்று கீழே விசில் பறக்கிறது. அவர் கை சுவிட்சுக்குப் போகிறது. சின்ன ஜன்னல் வழியே நீளும் வெளிச்சத்தில் தூசி அவசரமே இல்லாமல் மிதக்கிறது. அதற்கு நேர் கீழே, கடைசி வரிசையில், தினமும் பகல் காட்சிக்கு வரும் அந்த அம்மா. இதே மாதிரி விமானத்தில் போன அண்ணன் திரும்பவே இல்லை என்று டிக்கெட் கிழிப்பவரிடம் சொன்னாராம். விமானம் விழுந்ததும் கைப்பையோடு கிளம்பிவிடுகிறவர், இன்று எழுந்தவர் எழுந்தபடியே நிற்கிறார். நரைத்த தலையில் வெளிச்சம் படுகிறது. தலையின் நிழல் திரையில் நீந்திப்போய் விமானிக்கு எதிரே, மேஜைக்கு இந்தப் பக்கம், உட்கார்ந்துகொள்கிறது. கோப்பையில் ஆவி எழுகிறது. விமானி ஊதி ஊதிக் குடிக்கிறான். அந்த அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறார்: "நிறுத்திடாதீங்க தம்பி. அண்ணன் டீயைக் குடிச்சு முடிக்கட்டும்."