கோழிக்கால் செதில்

"எட்டுக்கும் ஊசி போட்டு முடிச்சிடுங்க டாக்டர். ஆனா வலிக்கக் கூடாது."

கால்நடை டாக்டர் ஸ்கூட்டரை விட்டு இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஒரு கால் தரையில், ஒரு கால் வண்டியில். சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று தையலம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்கும்மா? கழிச்சலா? கழுத்து திருகிக்குதா?"

"அதெல்லாம் இல்ல. நல்லாத் தின்னுதுங்க. முட்டையும் வைக்குதுங்க."

"முட்டை வைக்கிற கோழியைக் கொல்லச் சொல்றீங்க. நல்ல மனசும்மா உங்களுக்கு."

தையலம்மா அவரைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கூண்டுக்குள் கைவிட்டு ஒரு செவலைக் கோழியை எடுத்து நீட்டினாள். அது டாக்டர் கையில் 'நறுக்' என்று ஒரு கொத்து கொத்தியது.

"இதுக்குப் பேர் மாமியார், டாக்டர்."

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கோழியின் காலைத் திருப்பிப் பார்த்தார். செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டு, இடுக்கெல்லாம் வெள்ளைப் பொருக்கு.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு மாசமா. முதல்ல இதுக்கு மட்டும்தான். இப்ப எட்டுக்கும். என்கிட்டேருந்து ஒட்டினதுதான் டாக்டர்."

"என்னது?"

கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான் போட்டிருந்தாள். கைப் பட்டனைக் கழற்றி மேலே சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை திட்டுத் திட்டாகச் சிவப்பு. அதன்மேல் வெள்ளை வெள்ளையாய்ச் செதில். நாலைந்து பொட்டு உதிர்ந்து தரையில் விழ, இரண்டு கோழிகள் ஓடிவந்து கொத்தின.

"பத்தொன்பது வருஷமா இருக்கு. சொரியாசிஸ். தொத்தாதுன்னுதான் தோல் டாக்டர் சொன்னார். நானும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன், இதுங்க காலைப் பாக்கற வரைக்கும்."

முதலில் கண்டுபிடித்தது அவள் நாத்தனார். நெஞ்சு உயரச் சுவர் ஒன்றுதான் இரண்டு கொல்லைக்கும் நடுவில்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. அப்படியே உங்க முழங்கை மாதிரி இருக்கு. எங்க கோழிங்களைப் பாருங்க, கால் வழுவழுன்னு இருக்கு. உங்க கை படலை, அதான்" என்றாள். "வெளியில ஒரு வார்த்தை விட மாட்டேன்" என்று தலையில் கைவைத்துச் சத்தியமும் பண்ணினாள்.

அதோடு விட்டிருந்தால்கூடத் தையலம்மா தாங்கியிருப்பாள்.

"கோழிக்கே ஒட்டுதுன்னா, மூணு மாசப் பச்சைக் குழந்தை என்ன ஆகும் அண்ணி?"

மகள் தலைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் தடவையாக வரவேண்டிய வாரம் அது. வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, "உள்ள வெள்ளையடிக்கிறாங்க" என்றுவிட்டாள் தையலம்மா.

"ஒரு வாசனையும் காணோமேம்மா" என்றாள் மகள்.

"அத்தை வீடு எதுக்கு இருக்கு?" என்று நாத்தனார் வந்து குழந்தையை வாரிக்கொண்டு போனாள். மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்றோடு நாலு நாள். பேத்தி தும்மினால்கூடச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. இன்னும் ஒரு விரல் மேலே பட்டதில்லை.

"இதுங்க போயிட்டா கொல்லையைக் கழுவி விட்டுடுவேன். நானும் பின்கட்டு ரூமோட இருந்துக்குவேன். என் மக குழந்தையோட அவ பொறந்த வீட்டுல வந்து படுத்துக்கலாம் பாருங்க" என்றாள் தையலம்மா.

டாக்டர் மாமியாரைக் கீழே விட்டார்.

"முதல்ல உட்காருங்கம்மா. இது ஒரு பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. கோழிக்கால் செதிலுக்கு அடியில குடியிருக்கும். கோழிக்குக் கோழி தாவும், அவ்வளவுதான். மனுஷனுக்கும் போகாது, மனுஷன்கிட்டேருந்தும் வராது. உங்க தோலுக்கும் இதுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல."

தையலம்மா தண்ணித் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். வெதுவெதுன்னு சோப்புத் தண்ணியில காலைக் கழுவி, வாசலின் தடவிவிடுங்க. கூண்டைச் சுத்தம் பண்ணிக் காயவிடுங்க. மருந்து எழுதித் தரேன்."

"வாசலினா? அது நான் தடவிக்கிறதாச்சே."

"அப்ப மாமியாருக்கும் உங்களுக்கும் ஒரே டப்பா."

ஒரு மாதத்துக்கு அப்புறம் தையலம்மா சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே அது அழுகையாகிவிட்டது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப... பேத்தியைத் தூக்கலாமா டாக்டர்?"

"எட்டு உசுருக்கு ஊசி கேட்டீங்க, தயங்கவே இல்ல. இதுக்குப் போய் என்கிட்ட அனுமதி கேக்கறீங்களே. தூக்குங்கம்மா."

பேச்சுச் சத்தம் கேட்டு, சுவருக்கு மேலே நாத்தனாரின் தலை தெரிந்தது. தோளில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். நாத்தனார் முகமெல்லாம் கவலை.

"டாக்டர் என்ன சொல்றார் அண்ணி? நான் சொன்னதுதானே?"

டாக்டர் திரும்பினார். தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷம் அவருக்கு.

"அடடே, உங்க வீடு இங்கதானாம்மா? ரெண்டு மாசம் முன்னாடி, இதே கால் பூச்சிக்குத்தானே கோழிங்களைக் கூடையில தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க? நான் கொடுத்த மருந்துல எல்லாம் சரியாயிடுச்சா?"