இடது முட்டி

"முட்டி வலின்னு சொன்னியே, எந்த முட்டி? இடதா, வலதா?" என்று கேட்டாள் தையல்காரி.

"இடது" என்றாள் நாத்தனார். "என்ன அண்ணி, திடீர்னு இவ்வளவு அக்கறை?"

"ஏன், இருக்கக் கூடாதா? எங்கே, படி ஏறிக் காட்டு."

நாத்தனார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மூன்றாவது படியில் "அய்யோ" என்று நின்றுவிட்டாள்.

தையல்காரி அளவு நோட்டை எடுத்தாள். ஊரார் கை நீளமும் கழுத்துச் சுற்றளவும் எழுதியதைத் தாண்டி, கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டாள்: 'இடது முட்டி. மூணாம் படி. அய்யோ.'

விஷயம் இதுதான். நர்ஸ் பள்ளியில் நோயாளியாக நடிக்க ஆள் தேடினார்கள். கட்டிலில் படுத்திருந்தால் மாணவிகள் வந்து பேசிப் பயிற்சி எடுப்பார்கள். தையல் மெஷின் பாதி நாள் மூடியே கிடப்பதால் தையல்காரி இந்த வேலையை மலைபோல நம்பியிருந்தாள்.

ஆனால் ஒத்திகையில் டீச்சர் உதட்டைப் பிதுக்கினாள்.

"சும்மா முனகுறீங்கம்மா. நாங்க கொடுத்த அட்டையில முட்டி வலி, கோபக்காரின்னு போட்டிருக்கு. எந்த முட்டி? ஏன் கோபம்? வீட்டில யார் இருக்கா? இதெல்லாம் உங்களுக்கே தெரியலைன்னா பார்க்கிறவங்க எப்படி நம்புவாங்க? வெள்ளிக்கிழமை வாங்க. அப்பவும் சரியா வரலைன்னா வேற ஆள்தான்."

கோபக்காரிக்கு எங்கே அலைவது? ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறாள் புருஷனின் தங்கை! தபால்காரர்கூட அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் திரும்பியதில்லை.

"என் தங்கச்சி வீட்டுப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டே. இப்ப அங்கே கிளம்பிட்டியே?" என்று முதல் நாளே கேட்டார் கணவர்.

காரணத்தைச் சொன்னாள். "அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க."

"நான் ஏன் சொல்லப்போறேன்?"

செவ்வாய் முட்டி முடிந்தது. புதன் இடுப்பு. வியாழக்கிழமை தையல்காரி மெல்லக் கேட்டாள்.

"ஏன்டி, எல்லார் மேலயும் இப்படி எரிஞ்சு விழறே?"

நாத்தனார் ஜன்னலைப் பார்த்தாள். "காலையிலேருந்து பேச ஒரு ஆள் கிடையாது. சேர்த்து வெச்சதெல்லாம் முதல்ல வர்றவங்க தலையில கொட்டிடுது. அவங்களும் மறுபடி வர்றதில்ல."

அதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கட்டிலில் படுத்த தையல்காரி அச்சு அசல் நாத்தனாராகவே மாறியிருந்தாள். முதல் மாணவி கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள். இரண்டாமவள், "ஏம்மா இவ்வளவு கோபம்?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் அழுதே விட்டாள்.

"எங்கேம்மா பிடிச்சீங்க இந்த ஆளை?" என்றாள் டீச்சர். "திங்கள்கிழமையிலேருந்து வந்துடுங்க."

வேலை கிடைத்த சந்தோஷத்தோடு கொஞ்சம் குறுகுறுப்பும் இருந்தது. ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது.

நாத்தனார் ஸ்டூல் மேல் ஏறி, இடது காலை மட்டும் ஊன்றி எக்கி, ஜன்னல் திரை மாட்டிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் ஒரே குதி. தரையில் வந்து நின்றாள்.

"அடிப்பாவி! முட்டி?"

"வேலை கிடைச்சுதா அண்ணி?"

"உனக்கு... உனக்கெப்படி?"

"அண்ணன் முதல் நாளே போன்ல சொல்லிட்டாரு. நல்ல முட்டியை வெச்சுக்கிட்டு நான் என்னத்தைக் காட்ட? நீங்க பாவம், நோட்டும் கையுமா வந்து நிக்கறீங்க. அதான் நொண்டினேன். இடுப்பைப் பிடிச்சேன். புதன்கிழமை கொஞ்சம் அதிகமாப் போயிடுச்சுன்னு எனக்கே தோணிச்சு."

"அப்போ மூணு நாளும் நடிச்சே! நான்தான் உன்னை அளவெடுக்கறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

நாத்தனார் சிரித்தாள். தையல்காரிக்கும் சிரிப்பு வந்தது. பிஸ்கட்டை நீட்டியவள், ஏதோ நினைவு வந்து கையை நிறுத்தினாள்.

"பேச ஆளில்லைன்னு நேத்து சொன்னியே. அதுவும்..."

நாத்தனார் பாக்கெட்டை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"அது ஒண்ணுதான் நிஜம். நின்னுக்கிட்டே கேட்டா எப்படி? உட்காருங்க முதல்ல!" என்று எரிந்து விழுந்தாள்.