டேப் ஒட்டிய பொத்தான்

“பொத்தான் மேல டேப் ஒட்டியிருந்ததை யாராவது பார்த்தீங்களா?” என்று கேட்டார் விசாரிக்க வந்த பாதுகாப்பு அதிகாரி.

சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் குனிந்துகொண்டார்கள். அவரவர் கால் கட்டைவிரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் அப்படி ஒரு பார்வை.



டப்பா மூடி அடிக்கிற பிரஸ் அது. இரண்டு பக்கமும் பொத்தான். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மேலே இருக்கிற இரும்பு இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் உள்ளே மாட்டாது, அதற்குத்தான் அந்த ஏற்பாடு.

எங்கள் ஃபோர்மேன் தினமும் காலையில் வந்து ஒரு பொத்தானை அமுக்கி டேப் ஒட்டிவிடுவான். பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டுவான், பாவி. ஒரு கை அமுக்கும், மறு கை தகரத்தை வைக்கும். வேலை பறக்கும்.

போன வாரம் அந்த மெஷினில் நின்றவளுடைய மறு கை உள்ளே மாட்டிக்கொண்டது. மூன்று விரல் போச்சு.

அவளுடைய கவனக்குறைவு என்று பூசி மெழுகப் பார்க்கிறார்கள். வாயைத் திறந்தால் வேலை இல்லை என்று மானேஜர் முந்தின நாளே ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அந்த மெஷினுக்கு ஒரு புதுப்பெண்ணையும் போட்டாகிவிட்டது. இன்றைக்கு மட்டும் டேப்பை உரித்துவைத்திருக்கிறார்கள். அதிகாரி வண்டி ஏறியதும் திரும்ப ஒட்டுவார்கள்.

தோற்றுப்போவேன் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஊரே இல்லை என்கிறபோது ஒருத்தி ஆமாம் என்றால் எங்கே எடுபடும்? எடுபடாவிட்டால் போகட்டும். அந்தப் புதுப்பெண் காதிலாவது விழட்டும்.

எழுந்தேன்.

“நான் பார்த்தேன் சார். தினமும் பார்த்தேன். இங்க இருக்கிற எல்லாரும்தான் பார்த்தாங்க. நெஞ்சைத் தொட்டுச் சொல்லச் சொல்லுங்க!”

ஒருத்தர் கையும் நெஞ்சுக்குப் போகவில்லை. பக்கத்திலிருந்தவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதறினேன்.

அதிகாரி முன்வரிசையைப் பார்த்தார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அடிபட்டவளே அங்கே உட்கார்ந்திருந்தாள். நீயே சொல்லும்மா என்றார்.

“டேப்பெல்லாம் இல்ல சார். நான்தான் பராக்குப் பார்த்துட்டேன். அவங்க பொய் சொல்றாங்க.”

ஃபோர்மேன் சிரித்தான். மானேஜர் எனக்கு வாசலைக் காட்டினார்.

நான் புதுப்பெண் பக்கம் திரும்பி, டேப் இருந்தது என்று இன்னொரு தடவை சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. வெளுக்கட்டும்.

அடிபட்டவள் சொன்னதில் எனக்கு அதிர்ச்சி எல்லாம் இல்லை. விரல் போனாலும் வேலை போகாது, உட்கார்ந்து பார்க்கிற வேலை தருகிறேன் என்று மானேஜர் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இப்படித்தான் சொல்லப்போகிறேன், நீ வாயைத் திறக்காதே என்று காலையில் அழுதாள். திறப்பேன் என்றேன்.

அப்போது அவளுக்கு நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். என் தங்கை. ஒற்றைக் கையால் அவளுக்குப் பின்னிக்கொள்ள வராது.

நாளைக்கும் நான்தான் பின்னிவிட வேண்டும், அவள் அங்கே வேலைக்குப் போக.