சாயிப்புக்குப் போட்ட கோட்டு

பாறசாலையில், ராஜையாவின் பார்பர் ஷாப்புக்கு மேலே ஒற்றை அறையில் 'குளோபல் லிங்க்' நடத்தினார் சுவாமிதாஸ். கல்ஃபிலிருந்து திரும்பித் தொழில் தொடங்க நினைப்பவர்களை வெளிநாட்டுப் பங்காளிகளோடு சேர்த்துவைப்பதுதான் வேலை. பலகையில் உலக உருண்டைகூட உண்டு. அந்த உருண்டையில் அவருக்குத்தான் ஒருத்தரையும் தெரியாது.

"இந்தத் தொழிலும் பொளிஞ்சு பூட்டினா நான் காட்டாக்கடை அண்ணன் வீட்டுக்குப் போயிருவேனாக்கும்" என்று மனைவி புஷ்பபாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

நல்லவேளையாகக் குவைத்திலிருந்து திரும்பிய கருணாகரன் வந்து சிக்கினார். கொல்லயிலில் அவருக்கு நிலம் உண்டு. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி ஏற்றுமதி செய்ய ஆசை. வெளிநாட்டு ஆளைக் காட்டினால் அட்வான்ஸ் தருவார். வாங்கியதும் அந்த ஆள் மாயமாகிவிடுவான் என்பது சுவாமிதாஸின் திட்டம்.

கோவளத்துக்குப் பஸ் ஏறினார். கடற்கரையில் கிழிந்த லுங்கியோடு மல்லாந்து கிடந்த ஒரு வெள்ளைக்காரச் சாயிப்பைப் பிடித்து, தம் அரைகுறை இங்கிலீஷில், "நீ பெரிய கம்பெனி. சும்மா இரு. எஸ், குட் சொல்லு. சாப்பாடு உண்டு" என்றார். சாயிப்பு சிரித்துக்கொண்டே அவரோடு பாறசாலைக்குக் கிளம்பிவிட்டான். அவனிடம் ஒழுங்கான சட்டைகூட இல்லை. சுவாமிதாஸ் தாம் சர்ச்சில் மாப்பிள்ளையாக நின்றபோது போட்ட கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிவிட்டார். அறையெல்லாம் பாச்சா உருண்டை மணம்.

ஆனால் கருணாகரன் வந்து உட்கார்ந்ததும் அந்த மடையன் எஸ், குட்டோடு நிறுத்தவில்லை. சூளை, ஈரம், கப்பல் என்று அவரைக் கேள்வியாய்க் கேட்டான். சுவாமிதாஸ் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்துப் பார்த்தார். பலனில்லை.

"சாரு இருங்க, நெலத்தக் காட்டிட்டு இப்ப வாறோம்" என்று கருணாகரன் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

திரும்பவேயில்லை.

ரெண்டு நாள் கழித்து ராஜையா ஓடிவந்தார். "எலே, கருணாகரன் உன்னத் தேடி ஊரு முழுக்க அலையுதாரு!"

சாயிப்பு எல்லாவற்றையும் கக்கிவிட்டான் என்று சுவாமிதாஸ் முடிவுகட்டினார். உலகத்தை இணைக்கப் புறப்பட்ட மகான் பலகையைக் கழற்றி வீட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

"வந்து கேட்டா, அந்தச் சாயிப்புக்க கம்பெனிக்கும் எங்களுக்கும் ஒரு பந்தமும் இல்லேன்னு சொல்லு. சத்தியமெல்லாம் பண்ணாண்டாம், சும்மா சொன்னாப் போதும்" என்று புஷ்பபாயிடம் சொல்லிவிட்டு, ஒற்றசேகரமங்கலத்தில் தங்கை வீட்டு ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே பதுங்கிக்கொண்டார்.

ஒருநாள் புஷ்பபாய் ஒரு பொதியோடு வந்தாள்.

"வந்தாரா?"

"வந்தாவ. சாயிப்பும் கூட வந்தாரு."

"போலீஸு?"

"போலீஸு எதுக்கு? நீங்க சொன்னத அப்படியே சொல்லிட்டேன்." பொதியைப் பிரித்தாள். கல்யாணக் கோட்டு, தேய்த்து மடித்து அழகாக இருந்தது.

"அந்த சாயிப்புக்கு ஜெர்மனியில பெரிய கரிக் கம்பெனி உண்டாம், லீவுக்கு வந்தவராக்கும், உங்களயும் பங்காளியாச் சேக்கணும்னு தேடி வந்தாவ, நமக்கு ஒரு பந்தமும் இல்லேன்னதும், பாவம், கோட்ட மட்டும் தந்துட்டுப் போனாவ."