செம்பு நிறத்து ஸ்டெப்னி

பழைய பெயிண்டை உரித்துச் சாய்த்து வைத்திருந்த நான்கு கார் அலாய் வீல்களில், நிறம் சொல்லும் பொறுப்பு இடது முன்சக்கரத்தின் தலையில் விழுந்தது. நடைபாதைக் கல்லில் உரசி இந்த வேலையை இழுத்துவிட்டதே அதுதான். அதன் மனசில் இருந்தது செம்பு நிறம். ஸ்பிரே கன்னிடம் மெதுவாகச் சொல்லி, அந்தப் பெயிண்டைக் கன்னின் கப்பில் ஊற்றவும் வைத்துவிட்டது. உடனே கன்னைத் தடுத்தது.

“அண்ணே, ரோட்டில பார்த்துச் சிரிப்பாங்களோ?”

“சிரிச்சா சிரிக்கட்டும். உனக்குப் பிடிச்சிருக்கா?”

“ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா சாம்பலே அடிச்சிடுங்க. அதை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“ஊத்தின செம்பை என்னடா செய்யறது?” என்று முனகிய கன், மூலையில் கிடந்த மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னிக்கு அதை அடித்தது.

“டிக்கிக்குள்ள கிடக்கிறவனுக்கு எதுக்குண்ணே மேக்கப்?” என்று கூச்சப்பட்டது ஸ்டெப்னி.

அதன் பிறகு நான்குக்கும் சாம்பல் நிறம்.

மறுவாரமே அந்த முன்சக்கரத்தில் ஆணி ஏறியது. அது டிக்கிக்குள் போக, ஸ்டெப்னி வெளியே வந்தது. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோவின் சக்கரம் கண்ணை எடுக்கவே இல்லை.

“என்னா நிறம்ப்பா இது. யாரு தேர்ந்தெடுத்தா?”

“டிக்கிக்குள்ள ஒருத்தன் படுத்திருக்கான்,” என்றது ஸ்டெப்னி. “அவன்தான்.”