பன்னிரண்டாவது தாள்

"அந்த ஒரு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு, பதினொண்ணை மட்டும் கொண்டு போயேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் கணவர், சட்டைக்குப் பொத்தான் போட்டபடி.

"பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தேன்னு முதல்லயே எழுதிக் கொடுத்தாச்சுங்க. பன்னிரண்டும் திரும்பி வரணும்."

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவின் சூப்பர்வைசர் அவள். பதினெட்டு வருஷம் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டியவளுக்கு, நாற்பத்து நான்காவது வயதில் மனிதவள மேலாண்மை படிக்கும் ஆசை வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் சனிக்கிழமை காலை வகுப்பு. கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டு பஸ் ஏறும்போது அவள் நடையே வேறு. ஆனால் இந்தச் செயல்திட்டத்தில் கோட்டை விட்டால் அடிப்படைப் பாடமே போச்சு; அதோடு வருஷமும் போச்சு.

செயல்திட்டம் எளிதுதான். வழக்கமாக மேலதிகாரி வேலை செய்பவர்களுக்கு மார்க் போடுவார். இங்கே தலைகீழ். கீழே வேலை செய்பவர்கள் மேலதிகாரிக்குப் போட வேண்டும். பத்துக்கு எத்தனை என்று வட்டமிட்டு, காரணம் எழுதி, பெயர் போடாமல் பெட்டியில் போட வேண்டும்.

பதினொரு தாளில் பத்துக்குப் பத்து. பன்னிரண்டாவதில் மூன்று.

"யாரு எழுதினதுன்னு தெரிஞ்சுதா?" என்றார் கணவர்.

"எல்லாம் அச்சடிச்ச மாதிரி குண்டு குண்டு எழுத்து. மூலையில கறுப்பா ஒரு கறை வேற. ஒரு தாளைச் சுத்தமாக் கொடுக்கக்கூட மனசு வரலை பாருங்க!"

சொல்லும்போதே அவளுக்கு வலித்தது. ஒரு வாரமாக நிம்மதி இல்லை. துணி மடிக்கும் பெண் சிரித்தால் 'இவளோ?' என்று தோன்றியது. இஸ்திரிப் பெரியவர் சிரிக்காவிட்டால் 'இவரோ?' என்று தோன்றியது. யாரையும் கேட்கவும் முடியாது. பெயர் வேண்டாம் என்று பத்து தடவை சொன்னவள் அவள்தான்.

"அப்போ கிழிக்கிறதா இல்லையா?"

"கிழிச்சா அவங்க வாயைப் பொத்தின மாதிரி ஆயிடும்," என்று சொல்லிப் பன்னிரண்டையும் பைக்குள் வைத்தாள்.

வகுப்பில் முதலில் எழுந்தது கூரியர் ஆபீஸ் இளைஞன். அவனிடம் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். எட்டுத் தாளிலும் பத்துக்குப் பத்து. கோப்பை வாங்கப் போகிறவனைப் போல நின்றான்.

பேராசிரியை தாள்களைப் புரட்டினார். "எல்லாரும் முழு மார்க்கா? அப்போ ஒண்ணு, உங்ககிட்ட குறையே இருக்கக் கூடாது. இல்லைன்னா, அதைச் சொல்ல அவங்களுக்குத் தைரியம் இருக்கக் கூடாது. நீங்களே சொல்லுங்க, எது?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. இளைஞன் அசடு வழிய உட்கார்ந்தான்.

அடுத்து அவள். பதினொரு தாளையும் நீட்டிவிட்டு, பன்னிரண்டாவதைத் தானே படித்தாள்.

"'அவசர நாளில் கத்துகிறார். தண்ணீர் குடிக்கப் போனாலும் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறார்.'"

கடிகாரம் வந்த இடத்தில் தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள். ஆனாலும் முழுசாகப் படித்து முடித்தாள்.

"இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் பேராசிரியை.

"கோபம்தான் வந்துச்சு மேடம். ஒரு வாரம் யோசிச்சுப் பார்த்தேன். இதுல ஒரு வரிகூடப் பொய் இல்லை. கத்துறேன். கடிகாரமும் பார்க்குறேன். மாத்திக்கணும். எழுதினது யாரா இருந்தாலும், அவங்க நல்லா இருக்கட்டும்."

பேராசிரியை தலையசைத்தார்.

"பாடம் புரிஞ்சது உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு சொன்னா வருத்தப்படாதீங்க. பன்னிரண்டு பேர்ல பதினொரு பேர் உங்களுக்குப் பயப்படுறாங்க. பயப்படாதவங்க ஒரே ஒருத்தர்தான்."

அவள் முகம் வாடிவிட்டது. பதினெட்டு வருஷத்தில் சம்பாதித்தது ஒரே ஒருத்தர்தானா?

பேராசிரியை அந்தத் தாளைக் கையில் வாங்கினார். மூலையில் இருந்த கறையை உற்றுப் பார்த்தார். அது பின்னாலிருந்து ஊறி வந்த மை.

"பின்பக்கம் பார்த்தீங்களா?"

"படிவம் ஒரு பக்கம்தானே மேடம்?"

பேராசிரியை தாளைத் திருப்பினார். பிறகு உரக்கப் படித்தார்.

"'அக்கா, உங்க பரீட்சை கெட்டுப் போகக் கூடாது. அதனால பதினொரு தாள்ல முழு மார்க் போட்டுட்டோம். ஆனா உண்மையை எழுதணும்னு கண்டிப்பா சொல்லிட்டீங்க. அதான் எல்லாரும் உட்கார்ந்து பேசி, எல்லாருடைய குறையையும் சேர்த்து இந்த ஒரே தாள்ல எழுதியிருக்கோம். பெயர் போட வேண்டாம்னீங்க. உங்ககிட்ட எங்களுக்கு என்னக்கா பயம்?'"

அவள் தாளைக் கையில் வாங்கினாள். கண் நிறைந்தது, முதுகு தானாக நிமிர்ந்தது.

கீழே பதினொரு பேர் முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எழுதத் தெரியாத இஸ்திரிப் பெரியவர், எத்தனை தடவை துவைத்தாலும் போகாத, துணிக்கு அடையாளம் போடும் மையில் தன் கட்டைவிரலை அழுத்தி வைத்திருந்தார்.